ராஜா புதுசு, கிரீடம் பழசு

ஜப்பானில் ஒகயாமா என்று ஓர் ஊர். பீச் பழத்துக்கும், அந்தப் பழத்துக்குள்ளிருந்து பிறந்த மொமொதாரோ என்ற பையனின் கதைக்கும் பேர்போனது. அங்கே காஸ் என்றொரு நிறுவனம் புல்வெட்டும் இயந்திரங்களும் புதர் வெட்டும் கருவிகளும் செய்கிறது. அதே நிறுவனம், தோட்ட வேலைக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத இன்னொரு சரக்கையும் விற்கிறது: வேகக் கார்களின் பின் அச்சுக்குள் போகும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். சுருக்கமாக எல்எஸ்டி. போதைப் பொருளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒருமுறை மாட்டிப் பழகியவர்களைக் கேட்டால், பெரிய வித்தியாசமில்லை என்பார்கள்.

அதே ஒகயாமாவில் ஓ.எஸ். கிகென் என்று இன்னொரு பட்டறை. நிசானின் பழைய எல் வரிசை எஞ்சினுக்கு இரட்டை கேம் தலை செய்து மாட்டிப் பெயர் வாங்கியவர்கள். அவர்களும் எல்எஸ்டி செய்கிறார்கள். பக்கத்து மாநிலம் ஹிரோஷிமா. மாஸ்டா நிறுவனத்தின் சொந்த ஊர்; எம்எக்ஸ்-5 என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் அங்கேதான் பிறக்கிறது. இரண்டு ஊர்களுக்கும் இடையே புல்லட் ரயிலில் சுமார் நாற்பது நிமிடம். ஆனால் அந்தக் காரும் இந்தப் பொருளும் பெரும்பாலும் அங்கே சந்தித்துக்கொள்வதில்லை. ஆளுக்கொரு வழியாகப் பசிபிக் கடலைத் தாண்டி, பத்து இருபது வருடம் கழித்து, ஏதோ ஓர் அமெரிக்க வீட்டின் கார் ஷெட்டில், எண்ணெய்க் கறை படிந்த சிமென்ட் தரையில்தான் முதல்முறை பார்த்துக்கொள்கின்றன.

டிஃபரன்ஷியல் எதற்கு என்பதை மாட்டுவண்டியிலிருந்து தொடங்குவது நல்லது. மாட்டுவண்டிக்கு அது தேவையே இல்லை. அச்சு அசையாது, இரண்டு சக்கரமும் அதனதன் குடத்தில் தனித்தனியே சுற்றும். வண்டி திரும்பும்போது வெளிச் சக்கரம் கூட ஓடும், உள் சக்கரம் குறைய ஓடும், ஒன்றை ஒன்று கேட்பதில்லை. இழுப்பது மாடு, சக்கரத்துக்கு உருள்வது மட்டுமே வேலை. எஞ்சின் வந்து சக்கரத்தையே சுற்ற ஆரம்பித்த அன்றுதான் வம்பு வந்தது. இரண்டு சக்கரத்தையும் ஒரே கம்பியில் இறுக்கிவிட்டால் வண்டி நேராகப் போகும், திரும்ப மறுக்கும். எம்எக்ஸ்-5 காரின் பின் சக்கரங்களுக்கு இடையே சுமார் 1.42 மீட்டர். அது ஒரு யு-டர்ன் அடித்தால் வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட ஏறக்குறைய நாலரை மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும். வட்டம் சிறிதோ பெரிதோ, அந்த நாலரை மீட்டர் மாறாது. பள்ளிக்கூடக் கணக்குதான், போட்டுப் பாருங்கள்.

இந்த நாலரை மீட்டரைக் கொடுக்கும் பல்சக்கர அமைப்பை 1820களின் கடைசியில் ஒனெசிஃபோர் பெக்கேர் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு நீராவி வண்டிக்காக வடிவமைத்தார். தொழிலால் கடிகாரக்காரர். நம் ஊர் ஆட்டோவிலிருந்து டிப்பர் லாரி வரை இன்றும் ஓடுவது அவர் யோசனைதான்.

அதில் ஒரு குணக்கேடு உண்டு. அதற்கும் மாட்டுவண்டிதான் உவமை. நுகத்தடி ஏர்க்காலின் நுனியில் நடுவே கட்டப்பட்டிருக்கிறது. இரண்டு பக்கமும் ஆடும். இரண்டு மாடும் சமமாக இழுக்கும் வரை நுகம் நேராக நிற்கும். ஒரு மாடு சண்டித்தனம் செய்து நின்றுவிட்டால், மற்றது எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் நுகத்தை அதன் பக்கம் சாய்க்குமே தவிர, வண்டிக்குக் கிடைப்பது சோம்பேறி மாட்டின் பலத்தைப் போல இரண்டு மடங்குதான். டிஃபரன்ஷியலும் அப்படியே. இரண்டு சக்கரத்துக்கும் சமமான முறுக்கைத்தான் அதற்குக் கொடுக்கத் தெரியும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் அதற்குத் தேவையான முறுக்கு கிட்டத்தட்ட பூஜ்யம். ஆகவே தார்ச்சாலையில் கெட்டியாக நிற்கும் மற்ற சக்கரத்துக்கும் பூஜ்யம். சேற்றில் மாட்டிய லாரியில் ஒரு டயர் மட்டும் புகை கிளம்பச் சுற்ற, அடுத்தது சும்மா வேடிக்கை பார்ப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

வயலில் சேறடிக்கும் டிராக்டர் ஓட்டுநர் இதற்கு மருந்து வைத்திருக்கிறார். காலுக்குக் கீழே ஒரு பெடல். மிதித்தால் டிஃபரன்ஷியல் பூட்டிக்கொள்ளும், இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுற்றும். வரப்போரம் திரும்பும்முன் காலை எடுத்துவிட வேண்டும். பந்தயக் காரில் இது உதவாது. அங்கே வழுக்கலும் திருப்பமும் ஒரே நொடியில் வரும். பெடல் தேட நேரமிருக்காது. நுகத்தை ஏர்க்காலோடு ஒரு கயிற்றால் ஓரளவு இறுக்கிக் கட்டியதுபோல, ஆடவும் வேண்டும், அளவு மீறி ஆடவும் கூடாது.

அந்தக் கயிற்றை, அதாவது எல்எஸ்டியை, முதலில் மும்முரமாகத் தேடியவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. 1930களில் ஆட்டோ யூனியன் பந்தயக் காரை அவர் வடிவமைத்தபோது, பதினாறு சிலிண்டர் எஞ்சினின் பலத்தில் உள் பின்சக்கரம் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்திலும் வழுக்கிச் சுற்றியது. 1935இல் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனத்திடம் இதற்கொரு வழி செய்யச் சொன்னார். அமெரிக்கச் சாலைக் கார்களுக்கு அது வந்துசேர இன்னும் இருபது வருடம் ஆனது: 1956இல் பேக்கார்ட், மறு வருடம் 'பாசிட்ராக்‌ஷன்' என்ற பெயரில் செவர்லே.

அந்தப் பெயர் நீதிமன்றத்திலும் ஏறியிருக்கிறது, சினிமாவில். 1992இல் வந்த 'மை கசின் வின்னி' படத்தில் கொலைப்பழி சுமந்த இரண்டு இளைஞர்களைக் காப்பாற்றுவது ஒரு டயர்த் தடத்தின் புகைப்படம். மெக்கானிக் குடும்பத்தில் வளர்ந்த பெண்ணாக வரும் மரிசா டொமே கூண்டில் ஏறி, தரையில் இரண்டு தடமும் ஒரே மாதிரி விழுந்திருப்பதால் அந்தக் காரில் எல்எஸ்டி இருந்தாக வேண்டும்; ஆகவே அது 1964 பியூக் ஸ்கைலார்க் அல்ல, 1963 பான்டியாக் டெம்பெஸ்ட் என்று நிரூபிப்பார். சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் அவருக்குக் கிடைத்தது. டிஃபரன்ஷியல் பற்றி இதைவிட நல்ல பாடத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

நம் காருக்கு வருவோம். எம்எக்ஸ்-5, அமெரிக்கர்கள் வாயில் மியாட்டா, 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமானது. 1.6 லிட்டர் எஞ்சின், 116 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்கும் கீழே. குதிரையும் வீரனும் ஒரே உடல் என்ற பொருளில் ஜின்பா இத்தாய் என்று ஒரு சொல்லை மாஸ்டாக்காரர்கள் இந்தக் காருக்குச் சொல்வார்கள். அந்த முதல் கார்களில் கூடுதல் பணம் கொடுத்தவர்களுக்குச் சிலிக்கான் திரவம் நிரப்பிய எல்எஸ்டி கிடைத்தது. இரண்டு சக்கரத்தின் வேகமும் வேறுபட்டால் உள்ளே திரவம் கெட்டியாக எதிர்க்கும் என்பது ஏற்பாடு. புதிதில் சரி. முப்பது வருடம் சூடேறி ஆறிய திரவம் இன்று அநேகமாக எதையும் எதிர்ப்பதில்லை. பணம் கொடுக்காதவர்களுக்கு வந்தது பெக்கேரின் பழைய அமைப்பேதான்.

1994 மாடலில் எஞ்சின் 1.8 லிட்டராக வளர்ந்தது. டிஃபரன்ஷியலைச் சுற்றும் பெரிய பல்வளையமான கிரவுன் சக்கரமும் ஆறு அங்குலத்திலிருந்து ஏழானது; டார்சன் என்ற வகை எல்எஸ்டியும் வந்தது. வெர்னன் கிளீஸ்மன் என்ற அமெரிக்கரின் கண்டுபிடிப்பு அது. தட்டு கிடையாது, திரவம் கிடையாது, புழுப்பற்கள் ஒன்றோடொன்று உராய்வதிலேயே வேலை நடக்கும். அழகான பொருள், தேய்மானம் குறைவு. ஆனால் ஒரு சக்கரம் தரையை விட்டு முழுக்க எழும்பிவிட்டால் அதுவும் கைவிரித்துவிடும். பூஜ்யத்தை எத்தனையால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே.

ஆட்டோகிராஸ் ஆடுகிறவர்களுக்கு அங்கேதான் இடிக்கிறது. பெரிய வாகன நிறுத்துமிடத்திலோ பழைய விமானத் தளத்திலோ ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்து, அவற்றுக்கிடையே ஒவ்வொரு காராக விரட்டுவது அந்த விளையாட்டு. ஒரு கூம்பைத் தட்டினால் இரண்டு நொடி அபராதம். நூறில் ஒரு பங்கு நொடியில் வெற்றி மாறும். குறுகிய திருப்பத்தில் கார் வெளிப்பக்கம் சாய, உள் பின்சக்கரம் காற்றில் பூனைக்கால் வைக்கும். ஓட்டுபவர் அழுத்துகிற ஆக்சிலரேட்டர் முழுவதும் அந்த ஒற்றைச் சக்கரத்தில் புகையாகப் போகும். அந்தப் புகையை நிறுத்தத்தான் ஒகயாமாவிலிருந்து பெட்டி வருகிறது.

பெட்டிக்குள் இருப்பது உரிக்காத தேங்காய் அளவில் ஓர் எஃகுக் கூடு. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. உள்ளேதான் ஊர்த்திருவிழா. மெல்லிய எஃகுத் தட்டுகள் அடுக்கடுக்காக, தோசை அடுக்கியதுபோல. ஒரு தட்டு விளிம்பில் பல் வைத்துக் கூட்டோடு சேர்ந்து சுற்றும். அடுத்தது நடுவில் பல் வைத்துச் சக்கர அச்சோடு சேர்ந்து சுற்றும். இப்படி மாறி மாறி. அடுக்குகளின் நடுவே இரண்டு கனத்த அழுத்து வளையங்கள். அவை சேரும் இடத்தில் வெட்டிய பள்ளங்களில் சிலுவை அச்சின் நுனிகள் உட்கார்ந்திருக்கும். எஞ்சின் முறுக்கும்போது அந்த நுனிகள் பள்ளத்தின் சரிவில் ஏறி வளையங்களைப் பிளக்கும்; வளையங்கள் தட்டுகளை நசுக்கும்; நசுங்கிய தட்டுகள் இரண்டு சக்கரத்தையும் ஒரே வேகத்துக்கு இழுத்துவரும். எவ்வளவு பலமாக மிதிக்கிறோமோ அவ்வளவு இறுக்கம். காலை எடுத்தால் தளரும்.

தளருமா என்பது பள்ளத்தின் வடிவத்தைப் பொறுத்தது. முன்பக்கம் மட்டும் சரிவிருந்தால் மிதிக்கும்போது மட்டும் பூட்டும், ஒன்-வே. இருபுறமும் ஒரே சரிவு, வைர வடிவம் என்றால் காலை எடுத்தாலும் பூட்டும், டூ-வே. கார் பக்கவாட்டில் சறுக்கிப் போகும் டிரிஃப்ட் ஆட்டக்காரர்கள் விரும்புவது இதை. இடைப்பட்டதை ஒன்றரை-வே என்றே சொல்கிறார்கள். வாங்குபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது இதைத்தான். நண்பன் டூ-வே போட்டான் என்று தானும் போட்டு, பிறகு வளைவுக்குள் நுழைய மறுக்கும் காரைத் திட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

பெட்டியில் இல்லாதது ஒன்றும் உண்டு: கிரவுன் சக்கரம். அதைச் சுற்றும் சிறிய பல்சக்கரமான பினியனோடு சேர்த்து நம் மெக்கானிக்குகள் 'கிரவுன்–பினியன்' என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். பிறந்தபோதே ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை, ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. ஆகவே காரில் ஏற்கெனவே ஓடிய கிரவுனைக் கழற்றிப் புதுக் கூட்டின் தலையில் மாட்ட வேண்டும். ஆறு அங்குலக் கிரவுன் பந்தய அடிக்குத் தாங்காது என்று நினைப்பவர்கள், பிந்தைய 1.8 கார் ஒன்றின் ஏழு அங்குல டிஃபரன்ஷியலைப் பழைய இரும்புச் சந்தையில் தேடிப்பிடிப்பார்கள். கிரவுனில் 41 பல், பினியனில் 10. அப்போது கிரீடம் பழசு மட்டுமல்ல, வேறு ராஜ்யத்துடையது.

சனிக்கிழமை காலை கார் நாலு ஸ்டாண்டில் ஏறுகிறது. பழைய எண்ணெய் வடிகிறது, அழுகிய முட்டை வாடையோடு. கியர் எண்ணெயில் உள்ள கந்தகம் அது. சைலன்சர் குழாய் இறங்குகிறது. நீள ஷாஃப்டின் நாலு போல்ட்டைக் கழற்றும்முன் இரண்டு முகத்திலும் பெயின்ட்டால் ஒரு கோடு. திரும்பப் பூட்டும்போது கோடு சேரவில்லை என்றால் கார் நடுங்கும். எம்எக்ஸ்-5இல் கியர் பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் அலுமினியத்தாலான நீண்ட சட்டம் ஒன்று முதுகெலும்புபோல இணைக்கிறது. அதை அவிழ்த்ததும் கியர் பாக்ஸின் வால் தொங்கிவிடும். முன்கூட்டியே கீழே ஒரு ஜாக்கி கொடுக்காதவர் அன்று ஒரு பாடம் கற்பார். பிறகு பக்க அச்சுகளைக் கடப்பாரை முனையால் நெம்பி வெளியே எடுத்தால், இரண்டு காது வைத்த டிஃபரன்ஷியல் மார்பின் மேல் இறங்கக் காத்திருக்கும். தனியாளாக இறக்கியதாகப் பெருமையடிப்பவர்களை நம்பலாம், பின்பற்ற வேண்டாம்.

இதுவரை முரட்டு வேலை. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர் யாரும் செய்யலாம். மேசைமேல் வைத்ததும் அது கடிகாரக்காரர் வேலையாக மாறிவிடுகிறது, பெக்கேரின் ஆவி வந்து பக்கத்தில் உட்கார்ந்ததுபோல.

கூட்டைத் தாங்கும் பேரிங் மூடிகள் இரண்டு. டிஃபரன்ஷியலின் வெளிப்பெட்டியோடு சேர்த்துக் கடைந்தவை. இடதை வலதில் போட்டால் உட்காராது. கழற்றும்முன்னே பஞ்ச் உளியால் குத்திக் குறி வைக்க வேண்டும். பழைய கூட்டிலிருந்து கிரவுனைத் தட்டி எடுத்து, சூடேற்றிப் புதுக் கூட்டில் இறக்குகிறார்கள். சூட்டில் அது மயிரிழை விரிந்து தானாக உட்காரும். இதற்குச் சமையலறை ஓவனைக் கடன் வாங்கிய கணவன்மார் உண்டு. அன்று மாலை கேக்கில் கியர் எண்ணெய் வாடை அடித்த கதை தனி. போல்ட்டுகளை எதிரெதிராக, படிப்படியாக முடுக்க வேண்டும். புது பேரிங்குகளைப் பிரஸ்ஸில் அழுத்தி ஏற்ற வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றிய பேரிங் கொஞ்ச நாளில் அழும்.

பிறகுதான் உயிர்நாடி. பினியனைப் பிடித்துக்கொண்டு கிரவுனை முன்னும் பின்னும் அசைத்தால் பற்களுக்கிடையே ஒரு சின்ன விளையாட்டு இருக்கும். பேக்லாஷ். அது சுமார் 0.1 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், ஏறக்குறைய ஒரு தாளின் கனம். மாஸ்டாவில் இரு பக்கமும் மரை வைத்த வளையங்கள் இருக்கின்றன. ஒரு பக்கம் தளர்த்திய அளவு மறுபக்கம் முடுக்கினால் கிரவுன் பினியனை நோக்கி நகரும் அல்லது விலகும். டயல் கேஜ் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஒரு பல் இங்கே, ஒரு பல் அங்கே. குறைந்தால் பல் சூடேறிக் கடிக்கும், கூடினால் ஒவ்வொரு கியருக்கும் டொக் என்று அடி விழும். கிரவுனைச் சுற்றிப் பல இடத்தில் அளக்க வேண்டும். ஓரிடத்தில் அளந்துவிட்டு மூடுவது ஜாதகத்தில் ஒரு கட்டத்தை மட்டும் பார்த்துப் பலன் சொல்வதற்குச் சமம்.

கடைசியில் பற்களில் குறியிடும் பசையைத் தடவிச் சுற்றிப் பார்க்கிறார்கள். பல்லின் நடுவே முட்டை வடிவத்தில் தடம் விழுந்தால் கிரீடம் ராஜாவை ஏற்றுக்கொண்டது. நுனியிலோ அடியிலோ விழுந்தால் மறுபடி கழற்றல். இந்தத் தடத்தைப் பார்க்கச் சோம்பிய வேலையை வெளியே யாரும் கண்டுபிடிக்க முடியாது, எண்பது கிலோமீட்டர் வேகத்தில் பின்சீட்டுக்குக் கீழே ஓநாய் ஊளையிடும் வரை. எம்எக்ஸ்-5இல் பின்சீட்டே கிடையாது; ஊளை நேராகக் காதுக்கு வரும். உங்களுக்கு டயல் கேஜ் பழக்கமில்லை என்றால் மேசை வேலையை மட்டுமாவது கைதேர்ந்தவரிடம் கொடுங்கள். கழற்றி மாட்டும் பெருமை உங்களுக்கே இருக்கட்டும்.

எண்ணெயிலும் கண்டிப்பு. தட்டு வகைக்கு அதைச் செய்தவர் சொல்லும் எண்ணெய்தான். ஓ.எஸ். கிகென் 80டபிள்யூ-250 என்ற கனத்தில் தனக்கென்றே ஓர் எண்ணெய் விற்கிறது.

முதல் ஓட்டம் வேடிக்கையானது. புதுத் தட்டுகள் ஒன்றோடொன்று பழக வேண்டும். அதற்குக் காலியான மைதானத்தில் மெதுவாக எட்டு போட வேண்டும். ஆமாம், நாம் லைசென்ஸ் வாங்க ஆர்.டி.ஓ. முன்னால் போட்ட அதே எட்டு. அரை மணி நேரம் இடம், வலம், இடம், வலம். வண்டியின் அடியிலிருந்து கடகட, கிறீச் என்று ஏதோ உடைவதுபோல் சத்தம் வரும். முதல்முறை கேட்பவருக்கு வயிறு கலங்கும். அது தட்டுகள் பிடித்து விட்டுப் பிடிக்கும் சத்தம். தட்டு வகையின் பிறவிக் குணம். பிறகு எண்ணெயை மாற்றினால், வடிவது வெள்ளி கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கும். பயப்பட வேண்டியதில்லை.

இவ்வளவுக்கும் எஞ்சினில் ஒரு குதிரை கூடவில்லை. அதே 116. ஆனால் குறுகிய திருப்பத்தின் பாதியிலேயே ஆக்சிலரேட்டரை மிதிக்க முடிகிறது; இரண்டு டயரும் சேர்ந்து தள்ளுகின்றன. எஞ்சினைக் குடைந்து பத்துக் குதிரை சேர்ப்பதைவிட இது மேல் என்பது என் கட்சி. நல்ல டயர் வாங்கிய பிறகு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மொட்டை டயரில் எல்எஸ்டி போடுவது வீண்.

மழைநாளில் இதன் மறுமுகம் தெரியும். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம்தான் வழுக்கும். மற்றது காரின் பின்பாகத்தைச் சாலையோடு பிடித்து நிறுத்தும். எல்எஸ்டியில் வழுக்கினால் இரண்டும் சேர்ந்து வழுக்கும், வால் திரும்பிவிடும். கடைக்குப் போய் வரும் காருக்குத் தட்டு எல்எஸ்டி வேண்டாம் என்று பழையவர்கள் சொல்வது இதனால்தான். சத்தத்தால் மட்டுமல்ல.

தட்டுகள் தேயும். அப்போது முழுவதையும் மறுபடி இறக்கி, தட்டு மாற்றி, மறுபடி எட்டு. கூடு மட்டும் அப்படியே இருக்கும். அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பில் காரின் உடம்பு துருப்பிடித்து உதிர்ந்தபின்னும், உள்ளே எண்ணெயில் குளித்துக்கொண்டிருந்த இந்தத் தேங்காய் பளபளவென்று வெளியே வரும். அடுத்த காருக்குப் போகும். அங்கே இன்னொரு கிரீடம்.

அப்படிக் கைமாறி வருவதை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காரோடு இருக்கும்போதே பாருங்கள். பின்பக்கத்தை முழுவதும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டு, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றது அதே திசையில் சுற்றினால் தட்டுகளுக்கு உயிர் இருக்கிறது. எதிர்த்திசையில் சுற்றினால், தட்டு எல்எஸ்டி என்று விற்பவர் எவ்வளவு சத்தியம் செய்தாலும், அந்த விலையைக் கொடுக்காதீர்கள்.